சுக்கிரன் தூண் யார் பக்கம்?

துரைக்கண்ணுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மரக்காணத்துக் கருவாட்டில் கத்திரிக்காய் போட்டு வைத்த குழம்பு தட்டில் ஆறிக் கிடந்தது. எதிரே விரித்திருந்த பேப்பரில் பங்காளி தீனதயாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். சித்தப்பா மகன். நாலு வயசு இளையவன், பக்கத்து நிலத்துக்காரன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பேராசிரியை, இரண்டு பேருக்கும் நடுவில் மஞ்சள் பூசிய ஒரு மொட்டைச் செங்கல் தூண்.

"சாப்டு எழுந்திரியேன்யா, ஈ மொய்க்குது" என்றாள் பெண்டாட்டி வெள்ளையம்மாள்.

"இந்த மூஞ்சிய பாத்துக்கினு எவன் துன்னுவான்?"

"அப்ப பேப்பர மடிச்சி அப்பால வையி."

மடிக்கவும் மனசு வரவில்லை. இன்னொரு தடவை படித்தார், இன்னொரு தடவை வயிறு எரிந்தது. பொறாமை பிடித்த மனசுக்கு அது ஒரு கெட்ட பழக்கம், சொறியச் சொறியத்தான் சுகம்.

பேப்பரில் போட்டிருந்தது இதுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஒருவன் ஒலக்கூரைத் தாண்டி இந்த ஊருக்கு வந்து கூடாரம் போட்டானாம். சுக்கிரன் ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி சூரியனுக்குக் குறுக்கே ஊர்ந்து போனதை இங்கே இருந்துதான் பார்த்தானாம். ஒரு மனுஷன் ஆயுசில் அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். தொலைநோக்கி ஆடாமல் நிற்பதற்காகச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு தூண் கட்டினானாம். அவன் வரைந்து வைத்த படத்தை வைத்துக்கொண்டு புதுச்சேரிப் பேராசிரியை தமிழ்மொழி என்பவர் அந்தத் தூணைத் தேடித் தேடிக் கடைசியில் தீனதயாளன் நிலத்தில் கண்டுபிடித்துவிட்டாராம். தூணுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல்லில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். அதில் 'நிலம் வழங்கியவர் தீனதயாளன்' என்று பேர் வெட்டப் போகிறார்களாம்.

பேர்! அதுதான் துரைக்கண்ணுவைக் கொன்றது. பணம் கொடுத்திருந்தால்கூடப் போகிறது, செலவாகித் தீர்ந்துவிடும். கல்லில் வெட்டிய பேர் எந்த மழையில் கரையும்?

இதில் கொடுமை என்னவென்றால், அந்த அம்மா முதலில் வந்தது துரைக்கண்ணுவிடம்தான். நாலைந்து பேர் கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரையைப் பார்ப்பதும் தூரத்து மலையைப் பார்ப்பதுமாக அவர் வரப்பில் நடந்தார்கள். பார்த்ததும் அவர் புதுச் சாலைக்கு நிலம் எடுக்க வந்த ஆட்கள் என்று நினைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் கருவியோடு வரப்பில் ஏறிய ஆளைப் பார்த்தால் எந்த விவசாயியும் அதைத்தான் நினைப்பான்.

"எங்க நிலத்துல ஒண்ணும் கெடையாது. ஜல்தியா எடத்த காலி பண்ணுங்க, நாய அவுத்து வுட்டுடுவேன்" என்று விரட்டினார்.

விரட்டியதில் அவர்கள் பக்கத்து நிலத்துக்குப் போனார்கள். தீனதயாளன் அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்க நின்றான். அவன் வீட்டில் ஒரு பழக்கம், முதல் கைப்பிடி விதையை அந்த மொட்டைத் தூண் மேல் வைத்துக் கும்பிடாமல் மண்ணில் போடமாட்டார்கள். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. பேராசிரியை பார்த்துக்கொண்டே நின்றார். "ஐயா, இந்த மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அவன் மோர் கொடுத்துவிட்டு, "சாமி கோச்சிக்காதுங்க, சுரண்டுங்க" என்றான். தலைமுறை தலைமுறையாகப் பூசிய மஞ்சள் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உச்சியில் மூன்று பள்ளம், தொலைநோக்கியின் மூன்று கால் நின்ற இடம். அந்த அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

"எல்லாமே அவனுக்குத்தான் வந்து மாட்டும்" என்று துரைக்கண்ணு பேப்பரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

பொய்யில்லை. இவருக்கு மூட்டை குறைந்த வருஷம் அவனுக்குக் கூடும். இவர் மகன் படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றினான். அவன் மகள் பானுப்ரியா விழுப்புரத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறாள். இவர் தலை பஞ்சாகிவிட்டது, அந்தப் பயலுக்கு மீசைகூட நரைக்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் இவர் கை மேலே இருந்தது. தண்ணீர். தீனதயாளன் எத்தனை இடத்தில் போர் போட்டாலும் புழுதிதான் வரும். துரைக்கண்ணு வடக்கு மூலையில் போட்ட போரில் கோடையிலும் குழாய் வாய் நிறையக் கொட்டும். சித்திரை பிறந்தால் அவன் வந்து வாசலில் நிற்பான். "அண்ணே, கொஞ்சம் தண்ணி வுடுங்கண்ணே." அந்த வார்த்தைக்காகவே இவர் வருஷம் பூராவும் காத்திருப்பார். உடனே 'சரி' என்று சொல்லமாட்டார். தொண்டையைச் செருமி, துண்டை உதறி, "பாப்பம்" என்பார். பிறகு விடுவார். அதில் அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

டீக்கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. "உங்க பங்காளி பெரிய ஆளாயிட்டாருபா" என்றான் டீக்கடை பூமாலை. "உன் வரப்புலேருந்து நாலு அடி. அந்தத் தூணு கொஞ்சம் தள்ளி இருந்திருந்தா உன் பேரு வந்திருக்கும்."

நாலு அடி! துரைக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த வரப்பு நேராகவா போகிறது? தூண்கிட்ட வந்ததும் இவர் பக்கமாக வளைந்து, தூணைச் சுற்றிக்கொண்டு போகும். இத்தனை வருஷமாக அதில் நடந்தும் ஏன் உறைக்கவில்லை? சித்தப்பன் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறான்! வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார்.

"சர்வேயர கூப்ட்டு அளக்கப் போறேன்."

வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்குப் பைத்தியமாயா? அப்பாருங்க வாய்ப்பேச்சா பிரிச்சிக்கினு சண்ட சச்சரவில்லாம இருக்கிற நிலம். பங்காளிங்க நடுவுல சங்கிலி இழுத்தா நல்லதா வரும்?"

"நாயம் என் பக்கம் இருக்குது."

"நாயமில்ல, எரிச்சல் இருக்குது."

அவர் கேட்கவில்லை. அலைந்து திரிந்து சர்வேயரைக் கொண்டுவந்துவிட்டார். சேதி தெரிந்து ஊரே வரப்பில் கூடியது. தீனதயாளன் கோபப்படுவான், கத்துவான் என்று துரைக்கண்ணு எதிர்பார்த்தார். அவனோ சர்வேயருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேராசிரியை தமிழ்மொழியும் வந்திருந்தார். யார் பேரை வெட்டுவது என்று தெரியாமல் கல் ஆசாரி காத்திருந்தாராம்.

பழைய சர்வே கல்லைத் தேடி எடுத்து, அதிலிருந்து நேராக இழுத்தார்கள். கோடு தூணுக்கு அந்தப் பக்கமாகப் போனது. தூண் துரைக்கண்ணு நிலத்தில்!

"நான் சொல்லல?" என்று துரைக்கண்ணு துண்டைத் தலைக்கு மேல் வீசினார். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மனுஷன் பத்து வயசுப் பையன் மாதிரி குதித்தார்.

"இருங்க, இன்னும் முடியலே" என்றார் சர்வேயர். கோடு அப்படியே வடக்கே போனது. மல்லாட்டையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, வடக்கு மூலைக்கு வந்தது. அங்கே ஒரு கொடியை நட்டார். மோட்டார் கொட்டகை, குழாய், தொட்டி, எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், தீனதயாளன் பக்கம்.

"போரு அவரு நிலத்துல இருக்குதுங்க" என்றார் சர்வேயர்.

வெள்ளையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

தீனதயாளன்தான் கிட்டே வந்தான். "அண்ணே, இதுக்கு எதுக்குண்ணே பேஜாரு? எங்கப்பாருக்குத் தூணு வேணும், விதை வெக்கிறதுக்கு. அதனால அந்த எடத்த வாங்கிக்கினு வடக்கு மூலைய பெரியப்பாருக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சதுதான். பழையபடியே இருக்கட்டும். போரு உங்களுது, தூணு எங்களுது."

"உனக்கு இது மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்ணே. அப்பாரு சொல்லிக்கிறாரு."

"போர் போட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்ணே."

அப்படியென்றால் இந்தப் பயல் ஒவ்வொரு சித்திரையும் தன் சொந்த நிலத்துத் தண்ணீருக்கு இவர் வாசலில் வந்து கைகட்டி நின்றிருக்கிறான். இவர் தொண்டையைச் செருமியதையும் துண்டை உதறியதையும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றிருக்கிறான். துரைக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் ஏமாற்றியிருந்தால் அடித்திருக்கலாம், திருடியிருந்தால் வைதிருக்கலாம். இதை என்ன செய்வது?

"சரின்னு சொல்லுய்யா" என்று வெள்ளையம்மாள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "தண்ணி இல்லாம என்னாத்த வெளைய வெப்ப? கல்ல வெச்சி நாக்கு வழிக்கிறதா?"

ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. சரி என்று சொன்னால் போர் இவருடையது. ஆனால் அது இனிமேல் தீனதயாளன் போட்ட பிச்சை. மோட்டாரைப் போடுகிற ஒவ்வொரு நாளும் அவன் கொடுத்த தண்ணீர் என்று ஊர் சொல்லும். கல்லிலும் அவன் பேர், தண்ணீரிலும் அவன் பேர். அது நடக்காது. தூண் போய்விட்டால் அவன் முகத்தில் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

"எவனும் எனக்குத் தானம் பண்ண வேணாம்" என்றார். "அளந்தது அளந்ததுதான். போர நீ வெச்சிக்கோ. தூணு என் நிலத்துல இருக்குது. கல்லுல என் பேரு வரணும்."

வெள்ளையம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். பேராசிரியை "நீங்களே குடுக்கறீங்கன்னா நன்றிங்க ஐயா" என்றார்.

விழா அன்றைக்குப் பந்தல், மைக், நாற்காலி எல்லாம் வந்தன. விழுப்புரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து துணியை விலக்கினார். கறுப்புக் கல் பளபளவென்று நின்றது. நிலம் வழங்கியவர் துரைக்கண்ணு. மைக்கில் படித்தார்கள், கை தட்டினார்கள், கழுத்தில் மாலை விழுந்தது. துரைக்கண்ணு மைக்கைக் கேட்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினார்.

தீனதயாளன் தூணுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றான். அங்கே ஒரு தொலைநோக்கி வைத்து, கண் கூசாதபடி கறுப்புக் கண்ணாடி மாட்டி, சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் முறை வந்தது. குனிந்து பார்த்தான். பார்த்தவன் கூச்சல் போட்டான்.

"யப்பா! சூரியன்ல மச்சம்டா! ரெண்டு மச்சம்! அண்ணே, இங்க வாங்கண்ணே!"

துரைக்கண்ணு மாலையோடு போனார். அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"டேய், கல்லுல யாரு பேரு இருக்குதுன்னு பாத்தியா?"

"பாத்தேண்ணே. எழுத்து நல்லா வந்துக்குது."

"உனக்கு ஒண்ணும் தோணலயா?"

"என்னா தோணணும்?"

"வயிறு எரியலயாடா உனக்கு?" குரல் கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி வந்தது. "கொஞ்சங்கூடவா எரியல?"

தீனதயாளன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று நிஜமாகவே புரியாத முகம்.

"எதுக்குண்ணே எரியணும்? நம்ம வூட்டு ஆளு பேருதான?" என்றான். அதற்குள் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். "இன்னொரு தபா பாத்துட்டு வந்துர்றேண்ணே" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

துரைக்கண்ணு கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த முகம் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் கறுத்திருந்தால் போதும், போனதெல்லாம் போகட்டும் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பார். அவன் மறுபடி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.