பத்து லட்சத்து மூன்று இலைகள்

என் மகள் செண்பகவல்லியின் கல்யாணத்துக்கு என்னையும் சேர்த்துப் பத்து லட்சத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். விழுப்புரம் மண்டபத்தில் சட்டம் ஒன்றுதான். எல்லா வரிசையிலும் சம எண்ணிக்கையில் ஆள் உட்கார வேண்டும். ஒருவர் மிஞ்சினாலும் யாருக்கும் சோறு கிடையாது.

பந்தி விசாரித்தவர் தில்லைக்கண்ணு. முதலில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். நான் மிஞ்சினேன். மூன்று மூன்றாக வைத்தார். அப்போதும் நான்தான். பெண்ணைப் பெற்றவள் கடைசியில்தானே பந்திக்கு வருவாள்? ஏழேழாக வைத்தால் நாலு பேர் நின்றோம். பதினொன்றிலும் நாலு பேர். பதின்மூன்றிலும் அதே நாலு பேர். எங்களுக்குள் நல்ல பழக்கமாகிவிட்டது.

மண்டபம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

"இது பகா எண்ணும்மா," என்றார் தில்லைக்கண்ணு. "எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் விழுது. ஒரு ஆள் வெளிய போயிட்டா ஆறாறு பேரா கச்சிதமா உட்காந்துடலாம்."

பத்து லட்சத்து இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போன முகூர்த்தத்தில் பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் இப்படித்தான் பெருந்தன்மையாக எழுந்து போனார். இப்போது சாம்பார் வாளியில் கரண்டியாகக் கிடக்கிறார். வணக்கம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்தாள். "சம்பந்தியம்மா, நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். பெத்தவளுக்கு மனசு நிறைஞ்சா போதாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"மனசுல சோறு போட முடியாது. வேற ஆளைப் பாருங்க."

செண்பகவல்லி மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று கத்தினாள். "அம்மா, நகராதே! நீ போனா நானும் போயிடுவேன்!"

தில்லைக்கண்ணு விரலை மடக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரெண்டு பேர் போனாலும் சரிதான். நூத்தியொரு பேர் வரிசை சரியா வரும்."

என் பெண்ணையுமா கழிக்கப் பார்க்கிறான்? முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"யோவ், எல்லாரையும் ஒரே வரிசையா உட்கார வை. மிச்சம் விழுதா பாப்போம்."

அவர் மறுபடி விரலை மடக்கினார். நெடுநேரம் மடக்கினார்.

"விழாது," என்றார், வேண்டாவெறுப்பாக.

"அப்ப இலையைப் போடு."

போட்டார்கள். மண்டபம் விட்டுக்கொடுத்து நீண்டது. வரிசை மதுரையைத் தாண்டி நாகர்கோவில் பக்கம் போய் நின்றது. வழக்கப்படி கடைசி இலை எனக்கு. நானே தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டேன். வைத்திலிங்கம் வந்து சேர்ந்தபோது வாளியில் அடிச்சாம்பார்தான் இருந்தது. முருங்கைக்காய் முழுக்க அதில்தான் கிடந்தது. அள்ளி அள்ளிப் போட்டார், பாவம்.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்காமல் பந்தியில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

தில்லைக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தார். "அம்மா, விழுப்புரத்துல எல்லாருக்கும் கை காஞ்சு போச்சு. பெரிய மனசு பண்ணிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி உங்க சம்பந்தி கெஞ்சுறாங்க."

நான் சோற்றின் நடுவில் குழி செய்துகொண்டேன்.

"ரசம் ஊத்து," என்றேன்.