இவர்கள் இருவரும் ஒருவரா?

...ஆமாம், இதுவும் நான்தான், இதுவும், கடற்கரையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கிறேனே, இதுவும்... கணினி இரண்டிரண்டு முகங்களாகப் பக்கத்தில் வைத்து 'இவர்கள் இருவரும் ஒருவரா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, நானும் ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன், இருபத்தைந்து வருஷத்தில் எடுத்த முப்பத்தோராயிரம் படங்கள், அதில் நல்லதாகப் பொறுக்கி நாளை எங்கள் கல்யாண வெள்ளிவிழா விருந்தில் சுவரில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்ட வேண்டுமாம், என் கணவன் ஈவரின் உத்தரவு. காலையில் பக்கத்து வீட்டு லிஸ்பெத் அளவுநாடாவோடு வந்து வாசல்கதவை அளந்தாள். "ஒண்ணுமில்ல விபெகே, திரை தைக்கலாம்னு..." வாசல்கதவுக்கு யாராவது திரை போடுவார்களா? எங்கள் ஊர் வழக்கப்படி நாளைக் காலை ஏழு மணிக்குத் தெருவே திரண்டு வந்து, ஊசியிலைக் கிளைகளால் செய்த வளைவை அந்தக் கதவைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பாடும், நாங்கள் ஒன்றும் அறியாதவர்கள் போல ராத்திரி உடையில் எட்டிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். "தூங்கின மாதிரி ஒழுங்கா நடி, பன்னிரண்டரை வருஷத்துல, பாதி வெள்ளிவிழான்னு வந்தப்ப கம்மல் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து நின்னவ நீ," என்கிறான் ஈவர். நடிப்பதில் இப்போது எனக்கென்ன குறை...

மணி மூன்றே கால். நாலுக்குள் பதில் எழுத வேண்டும். ஓடென்ஸ் நகரத்தில் உள்ள வாடகை வீட்டுச் சங்கம், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கோபத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வந்த வரிசை, ஈவருக்குத் தெரியாமல் வருஷா வருஷம் புதுப்பித்தேன், இந்த வாரம் பார்த்தா என் முறை வர வேண்டும்? ஒன்றரை அறை, மூன்றாவது மாடி, ஒருத்திக்குப் போதும், வேண்டுமென்று ஒரு வரி எழுதினால் என்னுடையது. ஈவர் அடிப்பவனா? கை ஓங்கியதுகூடக் கிடையாது. குடிக்கிறானா? எல்லாரையும் போலத்தான். மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான், இதையெல்லாம் ஒரு காரணம் என்று யாரிடம் போய்ச் சொல்வது, அதுவும் கதவை அளந்துகொண்டு போனவர்களிடம்...

இந்த யோசனையிலேயே இன்னொரு ஆமாம் அழுத்திவிட்டேன், சமையலறை ஜன்னல், காப்பிக் கூஜா, குனிந்த தலை... ஐயோ, இது நானில்லை, தோரா! ஈவரின் அம்மா, கடைசி ஒன்பது வருஷம் எங்களோடு இருந்து இந்த வீட்டிலேயே செத்தவர். ஒரே நொடியில் நான் இருந்த அத்தனை படங்களும் 'அம்மா' என்ற பெயருக்குக் கீழே போய் விழுந்துவிட்டன. "ஈவர், இங்க வா, நான் உங்கம்மாவா ஆயிட்டேன்!" வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். "விடு, யாருக்குத் தெரியப் போவுது? அதே ஜன்னல், அதே கூஜா." விளையாட்டாகத்தான் சொல்கிறான்.

இனி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும், இது அவர், இது நான், இது... முதுகு திரும்பியிருக்கிறது, யார் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் இந்தப் படம். வாசல் நடையில் தோரா, கோட்டு, கைப்பை, உதட்டுச்சாயம்கூடப் பூசியிருக்கிறார். எடுத்தது நான்தான். "ஓடென்ஸ் பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். "இவ்வளவு அழகா எங்க கிளம்பிட்டீங்க? கோட்டைக் கழட்டுங்க, காப்பி ஆறுது," என்றேன், பாவம், மூளை குழம்பிப்போச்சு என்று லிஸ்பெத்திடம் சொல்லிச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். குழப்பமா? கண்ணைப் பார், எவ்வளவு தெளிவாக இருக்கிறது, கைப்பையை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார்... அவருக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பித்தான் பித்தானாக அந்தக் கோட்டைக் கழற்றி மாட்டியது நான்.

"விபெகே, வரியா இல்லியா?" சமையலறையிலிருந்து ஈவர்.

"இதோ வந்துட்டேன்," என்று என் வாய் சொல்லிவிட்டது, என்னைக் கேட்காமலே. மணி நாலாக ஆறு நிமிடம்.