ஷபானா பெயரில் ஒரு லைசென்ஸ்

காமாக்ஷி மாமிக்கு ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் லேசில் இறங்காது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று பதினெட்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவனிடம்தான் பால் வாங்குகிறாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ரமேஷ்பாபுவின் மிளகு, சுக்கு ஏற்றுமதி ஆபீஸில் அவள் சேர்ந்து இருபத்தாறு வருஷம். கப்பலேறும் சரக்குக்கு அவள் காகிதம் தயாரித்தால்தான் லாரி வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கிளம்பும்.

இந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் ரமேஷ்பாபு அவள் மேஜையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரை வைத்தார். அதில் புது ஓ.எஸ்., அதாவது கம்ப்யூட்டரையே நடத்துகிற அடிப்படைச் சாஃப்ட்வேர். மாமி இத்தனை காலம் பில் போட்டுவந்த பழைய புரோகிராம் அதில் ஓட மறுத்தது. புதுப் புரோகிராமில் எதை எங்கே அமுக்குவது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்; தெரியாது என்று ஆனால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதில் வேறெங்கே போய் நிற்பது?

அடுத்த மேஜையில் ஷபானா வேறு இருந்தாள். கம்பம் ஊரிலிருந்து பிழைக்க வந்து மட்டாஞ்சேரிக் கப்பலண்டிமுக்கில் தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பத்துப் பெண். முப்பது வயது, பத்து விரலாலும் டைப் அடிக்கிறவள். அவள் தன் இடத்துக்குக் குறிவைத்துத்தான் வந்திருக்கிறாள் என்று மாமி முதல் வாரமே தீர்மானித்துவிட்டாள். ஆதாரம் என்ன என்று கேட்டால், எதற்கு எப்போது பார்த்தாலும் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் என்பதுதான் ஆதாரம்.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தால், விஜயதசமி காலை எடுக்கும்வரை ஆபீஸில் எழுத்தும் கிடையாது, படிப்பும் கிடையாது. மாமி கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டாள், பட்டுத் துண்டு போர்த்தினாள், துளசி மாலை சார்த்தினாள். பிறகு சரஸ்வதியிடம் மனம்விட்டு அழுதாள். விஜயதசமியன்று மாலையை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டால், பழைய முகம்! பழைய புரோகிராம், அதனதன் இடத்தில் அதே பொத்தான்கள். போட்டவுடன் இரண்டு வரி வந்து எதையோ கேட்டது, அதுவே போய்விட்டது. மாமி அதை ஆராயவில்லை. பால்காரனைச் சந்தேகப்படுகிறவள் பகவதியைச் சந்தேகப்படுவாளா? அன்றைக்கே ஆபீஸ் முழுக்கப் பாயசம் கொடுத்தாள். ஷபானா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

சரஸ்வதி கடாட்சம் ஒன்றரை மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அப்புறம் ஜெர்மனியில் மிளகு வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆபீஸில் எத்தனை கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் என்ன ஓ.எஸ்., அதற்கு லைசென்ஸ் உண்டா என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். திருட்டுச் சாஃப்ட்வேர் இருந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது. வியாழக்கிழமை காலை எர்ணாகுளத்திலிருந்து வெங்கிடேஷ் என்கிற கம்ப்யூட்டர்காரர் சோதனை போட வந்தார்.

மாமியின் கம்ப்யூட்டரைத் திறந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. இதில் இரண்டு ஓ.எஸ். இருக்கின்றன என்றார். ஒரே பெட்டிதானே, இரண்டு இருந்தால் என்ன என்று மாமி கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு லைசென்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டரில் ஒரு ஓ.எஸ். போடலாம். ஒரே கம்ப்யூட்டரானாலும் இரண்டு போட்டால் இரண்டு லைசென்ஸ் வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்தால் இரண்டு வாடகைச் சீட்டு வேண்டாமா, அது மாதிரி.

"புதுசு கம்பெனி பேர்ல இருக்கு. பழசு யாரோ ஷபானா பேர்ல இருக்கே மாமி. போட்ட தேதி, நவமி."

மாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நவமியன்று இந்தக் கம்ப்யூட்டர் பூஜையில் இருந்தது. ஆபீஸ் சாவி மூன்று. ஒன்று தன் இடுப்பில். ஒன்று ரமேஷ்பாபுவிடம்; அவர் அந்த வாரம் கோயம்புத்தூரில் இருந்தார். மூன்றாவது ஷபானாவிடம். நம்மவர் யாரும் பூஜையில் வைத்ததைத் தொடமாட்டார்கள், ஆகவே தொட்டவள் அவள்தான் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்ததுதான் துரதிர்ஷ்டம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று பகல் முழுக்க மாமிக்குப் பேயாகவே தெரிந்தது. எடுக்கும்போது மாலை முடிச்சு இடது பக்கம் இருந்தது, தான் வைத்தது வலது பக்கமல்லவா? ஷபானா அடிக்கடி தன் திரையை எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டாளே, அது எதற்கு? ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் பெயரை எதற்குப் பதிக்க வேண்டும்? வாங்குகிறவர்களின் விலாசத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போகத்தான். சரஸ்வதி என்று கும்பிட்டு, பாயசம் வேறு வைத்து, அதை அவளுக்கே இரண்டு டம்ளர் ஊற்றிக் கொடுத்ததை நினைத்தபோது மாமிக்கு அவமானத்தில் காது சுட்டது.

ரமேஷ்பாபுவுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க நேரமாகும். அதனால் மாமி மலையாளத்தில் இரண்டு பக்கம் புகார் எழுதினாள். பூஜையைக் கெடுத்தது, திருட்டு ஓ.எஸ். போட்டது, வியாபார ரகசியத்தைக் கவர்ந்தது. சாயங்காலம் அவர் கிடங்கிலிருந்து வந்ததும் கையில் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு, கஸ்டம்ஸ் ஆபீஸ் போய்த் திரும்பியிருந்த ஷபானாவை உள்ளே கூப்பிட்டார். வெங்கிடேஷும் இருந்தார்.

ஷபானா மறுக்கவில்லை.

"நான்தான் சார் போட்டேன். மாமி ஞாயித்துக்கிழமையில வந்து ஒத்தையில உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்தேன். தீபாவளிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளு பாக்கணும்னு நீங்க போன்ல பேசினதும் என் காதுல விழுந்துச்சு."

மற்றதையும் அதே குரலில் சொன்னாள். பழைய ஓ.எஸ். அவள் கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது. ஒரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த லைசென்ஸிலேயே இருக்கிறது. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு இங்கே போட்டு, மாமியின் பழைய புரோகிராமையும் அதில் ஏற்றினாள். வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அதோடு நின்றுபோயிற்று. மாமி கைபடாமல் இந்தக் கம்ப்யூட்டர் இருப்பது வருஷத்தில் பூஜை நாளில் மட்டும்தான், அதனால்தான் நவமியன்று வந்தாள். துளசி மாலையையும் பட்டுத் துண்டையும் எடுக்குமுன் போனில் படம் பிடித்து, அதைப் பார்த்தே திரும்ப வைத்தாளாம். படத்தைக் காட்டினாள். பழைய பக்கமே முதலில் திறக்கும்படி செய்துவைத்ததும் அவள்தான். சொன்னால் மாமி சங்கடப்படுவார்கள், அதனால் சொல்லவில்லை என்றாள்.

வெங்கிடேஷ் சரிபார்த்துவிட்டு லைசென்ஸ் நியாயமானதுதான் என்றார். ஒரே ஒரு குறை, அது தனி ஆள் பெயரில் இருக்கிறது. கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்ததாக ஷபானா ஒரு கடிதம் எழுதினால் நாளைக்குப் படிவத்தில் காட்டிவிடலாம். இல்லாவிட்டால் இன்றைக்கே அழிக்க வேண்டும்.

ரமேஷ்பாபு புகார்க் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். ஷபானா அதைப் பார்த்தாள். மலையாளம் அவளுக்கு நன்றாகவே படிக்க வரும். தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 'திருட்டு' என்ற வார்த்தையை அவள் கண்டுகொண்டதை மாமியும் கண்டாள்.

"மாமி ஒரு வார்த்தை கேட்டா எழுதித் தரேன் சார்," என்றாள் ஷபானா.

ஒரு வார்த்தைதான். மாமிக்குத் தொண்டை வரை வந்தது. நான் பாவி, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாகவும் அதற்கு முன்பும் ஊறிய புத்தி அல்லவா, குறுக்கே வந்து விழுந்தது. எதற்கு இரண்டு பேர் முன்னால் கேட்கச் சொல்கிறாள்? நாளைக்கு, என் லைசென்ஸில்தான் மாமி சம்பளம் வாங்குகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லமாட்டாளா? அந்தக் கடிதம் இருக்கிறவரை இவளுக்கு அடங்கித்தானே இருக்க வேண்டும்?

"நேக்கு யாரோட தயவும் வேண்டாம்," என்றாள் மாமி. "நியமம்னா நியமம். அழிச்சுடட்டும்."

ரமேஷ்பாபு, யோசித்துப் பேசுங்கள் மாமி, பழசு இல்லாமல் உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். நுணலும் தன் வாயால் கெடும்.

ஷபானா மாமியின் மேஜையில் உட்கார்ந்து நாலைந்து இடத்தில் தட்டினாள். கடைசியாகத் திரையில், நிச்சயமாக அழிக்கவா என்ற கேள்வி வந்து நின்றது. அவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமி, அழிக்கட்டுமா?"

ஷபானா ஒரு தடவை, ரமேஷ்பாபு ஒரு தடவை, இப்போது மறுபடியும்; மூன்றாம் தடவை கேட்கிற மாதிரி இருந்தது மாமிக்கு. அந்தக் குரலில் கெஞ்சல்தான் இருந்தது. ஆனாலும் இதிலும் ஏதோ சூது இருக்கும் என்று மனசு சொல்லிற்று.

"அழி," என்றாள்.

ஷபானா அமுக்கினாள். மூன்று நிமிஷம் ஓடி, புது ஓ.எஸ். மட்டும் வந்து நின்றது. வெங்கிடேஷ் படிவத்தில் மாமியின் கம்ப்யூட்டருக்கு நேரே ஒரு ஓ.எஸ்., ஒரு லைசென்ஸ் என்று எழுதி நீட்ட, ரமேஷ்பாபு கையெழுத்துப் போட்டார். பிறகு திங்கட்கிழமை போக வேண்டிய நாலு கண்டெய்னரின் காகிதங்களை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் நின்றார். மாமி கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்க்காமல், இதை நீயே பார்த்துவிடு என்று ஷபானாவிடம் கொடுத்தார்.