புனித ஃபனூரியோஸ் கோயிலுக்குள் போன கடற்கரை

ஏழு பேர் நின்றால் எட்டாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய புனித ஃபனூரியோஸ் கோயிலுக்குள், அந்த ஆகஸ்ட் கடைசியில், கடற்கரையில் இருந்த அத்தனை ஜனமும் நுழைந்தது. நெரிசல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஒருவர் காலை இன்னொருவர் மிதித்ததாகக்கூடப் புகார் இல்லை. கிரேக்க நாட்டு மிகோனோஸ் தீவில் தக்காளி விலையைப் பற்றி ஆளுக்கொரு கட்சி உண்டு. இந்த விஷயத்தை மட்டும் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

கோயில் ஸ்தமாதாவின் குடும்பத்துக்குச் சொந்தம். இங்கே நாலு ஆடும் ஒரு ஓட்டைப் படகும் வைத்திருக்கிற குடும்பம்கூடத் தனக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொள்ளும். புயலில் தப்பிய ஏதோ ஒரு பாட்டன் நேர்ந்துகொண்டிருப்பான். அவனுடைய எலும்பும் அதே சுவருக்குள் இருக்கும். ஸ்தமாதா என்பது, பெண் பிள்ளை போதும், நிறுத்திக்கொள் என்று கடவுளுக்கு ஜாடையாகச் சொல்லி வைக்கிற பெயர். அவளுக்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆக, அவள் சொல்லி எதுவும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அண்ணன் மகன் ஸன்னிஸ் வந்து, "நாலே நாலு சாய்படுக்கை அத்தை. உன் வீட்டு முன்னாடி மணல்ல போட்டுக்கறேன். வர்றவன் செத்த நேரம் சாஞ்சுட்டுப் போவான்" என்றபோதும் அவள் தலையைத்தான் ஆட்டினாள். குளிர்காலத்தில் அந்த நாலையும் கிடங்கில் அடுக்கிப் பூட்டினார்கள். வசந்தத்தில் திறந்தபோது உள்ளே எட்டு இருந்தன. அடுத்த வருஷம் கதவைத் திறக்கவே முடியாமல் கூரையைப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. படுக்கைகள் குட்டி போடுகின்றன என்று மீனவர்கள் சொன்னார்கள். ஸன்னிஸ் அதை மறுக்கவில்லை. குட்டிகளுக்கும் குடை வாங்கிப் போட்டான்.

சில கோடைகளுக்குள் மணல் என்ற ஒன்று இருந்ததே ஊருக்கு மறந்துபோனது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வந்து, தோளோடு தோள் ஒட்டிப் படுத்து, பக்கத்தில் படுத்திருப்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். ஒரு தட்டு வெள்ளரிக்காய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பில் வந்ததும், வாட்டசாட்டமான ஆண்கள் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். இதெல்லாம் ஸ்தமாதாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு வேண்டியது கடல். கரையில் அவளுக்கு வயது அறுபத்தெட்டு, முட்டிகளுக்கு நூற்றுப்பத்து. தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளுக்கும் வயது கிடையாது, முட்டிக்கும் கிடையாது. நடை பழகிய நாளிலிருந்து காலையில் வாசலைத் தாண்டினால் கடல்தான். இப்போதோ வாசலைத் தாண்டினால் யாரோ ஒருவருடைய எண்ணெய் பூசிய வயிறு. அக்டோபரில் கூட்டம் கலைகிறபோது தண்ணீர் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர் முட்டியைப் பிடுங்கி எடுத்துவிடும்.

ஒருநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கைகளுக்கு நடுவே நுழைந்து பார்த்தாள். ஏதென்ஸிலிருந்து ஸன்னிஸ் கூட்டி வந்திருந்த காவல்காரன் மறித்தான்.

"மேடம், காசு கட்டினதுக்குக் கையில பட்டை இருக்கா? பட்டை இல்லாதவங்க பாறைப் பக்கமா சுத்தித்தான் கடலுக்குப் போகணும்."

"எந்தக் கடலுக்கு? எங்கப்பன் மூத்திரம் பேஞ்ச கடலுக்கா?"

அவன் மரியாதையாகத்தான் சிரித்தான், ஆனால் நகரவில்லை. ஸ்தமாதா வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பாதி ஆத்திரம், பாதி முட்டி வலி.

புனித ஃபனூரியோஸ் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர். சாவி, தோடு, ஓடிப்போன மாப்பிள்ளை எதுவானாலும் சரி, முட்டையும் பாலும் சேர்க்காமல், எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் உலர்ந்த திராட்சையும் போட்டுக் கேக் செய்ய வேண்டும். மாவைக் கிண்டும்போதே தொலைந்தது இன்னது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அவருடைய திருநாளில் வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டும். ஒருவரையும் போ என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரி கடைசித் துண்டைக் கொடுக்கும் வரை விருந்து முடிந்ததாகக் கணக்கில்லை. புண்ணியமெல்லாம் புனிதருடைய அம்மாவுக்குப் போகும். அந்த மகராசி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள், நரகத்தில் கிடக்கிறாள். சாதாரணமாக ஊரார் சின்னப் பொருளாகத்தான் கேட்பார்கள். ஸ்தமாதா இருந்த எரிச்சலில் கரண்டியை ஓங்கிக் குத்தி, "என் வாசல்ல இருந்த கடல் தொலைஞ்சு போச்சு, தேடிக் குடு" என்றாள்.

கூட்டத்தைக் கூட்டியது ஸன்னிஸ்தான். திருநாளைப் படம் பிடித்துப் போட்டால் வியாபாரத்துக்கு நல்லது என்று கணக்குப் போட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில், கோயிலில் கேக் இலவசம், ஒயினும் இலவசம் என்று அறிவித்தான். இலவசம் என்ற சொல் அந்தக் கரையில் கேட்டுப் பல வருஷமாயிற்று. ஒரு ஜெர்மன்காரர் தன் காதில் விழுந்தது சரிதானா என்று மூன்று பேரிடம் விசாரித்தார். அப்புறம் கரையே எழுந்தது. ஈரக் கால்சட்டையோடும், கையகலத் துணியோடும், தொப்பியோடும் வந்தார்கள். பாதிரியார் மார்கெல்லோஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னார். ஒரு கண்ணை மட்டும். ஸ்தமாதா வாசலில் நின்று ஆளுக்கொரு துண்டு வைத்து, பஸ் கண்டக்டர் மாதிரி, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். உள்ளே போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். தட்டும் லேசில் குறையவில்லை. காவல்காரனும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

தட்டில் ஒரே துண்டு மிஞ்சியபோது வாசலில் யாரும் இல்லை. ஸன்னிஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். விளக்கு, சுவர், புனிதர் படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கூட்டமும் இருந்தது, சாவகாசமாக, கை வீசிப் பேசிக்கொண்டு. தூரத்தில் நின்றவர்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள். திரும்பிப் பார்த்தான்: காலிப் படுக்கைகள், அதற்கப்பால் நீலமாகக் கடல்.

"அத்தை, அந்தத் துண்டை யாருக்காவது குடுத்து முடி. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. என் பொழப்பு போச்சு!"

"சாப்பிட்டுட்டு இருக்கறவங்கள எழுந்திரின்னு சொல்ற குடும்பமாடா நம்மது?"

"அப்ப அதை எங்கிட்டக் குடு!"

"பசி உள்ளவனுக்குத்தான்டா கேக்கு. நீ இதுவரைக்கும் தின்னது பத்தாதா?"

தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, படுக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முட்டி கத்தியது, அவளும் கூடக் கத்தினாள். தண்ணீர் ஓரப் படுக்கையில் தட்டை வைத்து, கறுப்புக் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்பாவாடையோடு இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் முட்டிகள் வாயை மூடிக்கொண்டன. வாய்விட்டுச் சிரித்தாள், அப்படியே அழுதாள், உப்புத் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. வெயில் சாயும்போது கரையேறி, பாதிரியாரிடம் கடைசித் துண்டைக் கொடுத்தாள். ஜனங்கள் வெளியே வந்தார்கள். கால் மணி நேரம் நின்றிருப்போம் என்றார்கள், ஒயின் நன்றாக இருந்தது என்றார்கள், நாளைக்கும் உண்டா என்றும் கேட்டார்கள்.

அதனால் இப்போது கோடை முழுவதும் தினமும் உண்டு. பிஷப் அனுப்பிய ஆள் அளவு நாடாவோடு வந்து, கோயில் ஏழு பேருக்கானது என்று அளந்து சொன்னான். கேக்கை நீட்டியதும் அவனும் உள்ளே போய்விட்டு மற்றவர்களோடு திரும்பி வந்தான். ஸன்னிஸ் வரிசைக்குக் குடை பிடிக்க ஆள் போட்டு, அதற்கும் காசு வாங்கி, முன்பைவிட நன்றாகவே இருக்கிறான். பகல் நேரத்தில் ஊர்ப் பெண்கள் கறுப்பு உடைகளைக் காலிப் படுக்கைகளில் போட்டுவிட்டு, தண்ணீரில் மல்லாந்து மருமகள்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் சாய்ந்ததும் ஸன்னிஸ் ஷூ நனையாத தூரத்தில் வந்து நின்று, "அத்தை, போதும், கடைசித் துண்டைக் குடுத்து அவங்கள வெளிய விடு, சாயங்கால பிளேன் போயிரும்!" என்று கூப்பிடுவான். அவள் கண்ணைத் திறக்காமலே கையை அசைப்பாள். "குடுக்கறேன்டா, குடுக்கறேன். தண்ணி இப்பத்தான் பதமா இருக்கு."