எதிர்த் தரப்பு

பஸ் டிரைவர் இறந்த ஒன்பதாம் நாள், அவர் மனைவியைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் என்று நினைத்தாள். அங்கே நடந்த விவாதத்தில் எதிர்த் தரப்பு இடம் காலியாக இருந்ததாம்.

குழுவின் அட்மின் முதல் மாடிப் பொறியாளர். ஓய்வு பெற்றவர், ஓய்வாக இருக்கத் தெரியாதவர். ‘பொறுப்பான விவாதம்’ என்று தலைப்பிட்டு விதிகள் எழுதியிருந்தார். மேலே பதினொரு வினாடி வீடியோ: பாதி நடைபாதையில் ஏறி நிற்கும் பஸ், ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்த தலை. கீழே வாக்கெடுப்பு: டிரைவர் குடித்திருந்தாரா? ஆம், முப்பத்தாறு. இல்லை, நான்கு. பியூட்டி பார்லர்காரி இரண்டுக்கும் போட்டிருந்தாள், நடுநிலையாம்.

இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிற மனிதர் அந்த டிரைவர். மாரடைப்பு என்ற மருத்துவமனைச் சான்றிதழை அவர் மனைவி படமெடுத்துப் போட்டாள். “குடிச்சாலும் மாரடைப்பு வருமே, பொதுவா சொன்னேன்” என்றார் ஒருவர். இன்னொருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வைத்தார்.

வீடியோ எடுத்தவர் மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார். அன்று அதே பஸ்ஸில் வந்தவர். படியேறிப் போனாள்.

“அக்கா, நான் யார் பேரையும் போடலையே!”

“முழுசா இருக்கா தம்பி?”

“இருக்கு. ரெண்டு நிமிஷம். அவ்வளவு நீளமா போட்டா எவன் பார்ப்பான்? அதான் நறுக்கிட்டேன்.”

நறுக்கி எறிந்த பகுதியில் அவள் கணவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மறு கையால் வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்தார். “பதறாம இறங்குங்க. குழந்தையைப் பிடிச்சுக்கம்மா.” அதன் பிறகுதான் தலை சாய்ந்தது.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள். ஒன்பது நாள் கேட்காத குரல்.

வாத்தியார் தலைகுனிந்தபடி முழு வீடியோவையும் குழுவில் ஏற்றினார். உடனே பதில் வந்தது: “ரொம்ப நீளம். யாராவது சுருக்கமா சொல்லுங்களேன்.”

வீடியோவைத் தன் போனில் வாங்கிக்கொண்டு ஐந்தாம் மாடியில் தொடங்கினாள். ‘ஆம்’ போட்ட வீடுகளின் மணியை அழுத்தினாள்.

“ரெண்டு நிமிஷம்தான். பாருங்க, நான் நிக்கிறேன்.”

வக்கீல் பாதியில் கண்ணாடியைக் கழற்றினார். தையற்காரர், “ஐயையோ, நம்ம அண்ணனா இது!” என்று தலையில் அடித்துக்கொண்டார், இத்தனை நாள் யாரைக் குடிகாரன் என்றாரோ. பியூட்டி பார்லர்காரி மட்டும் பார்க்காமலே ஒரு வாக்கை எடுத்துவிட்டு, “போதுமா அக்கா?” என்றாள்.

“போதாது. பாரு.”

மாலைக்குள் ‘ஆம்’ பதினொன்றாகக் குறைந்தது. அட்மின் கொதித்துப்போய் அறிவித்தார்: “உறுப்பினர்களை வீடு தேடிப் போய்ச் சந்திப்பது விதிகளுக்கு விரோதம். விவாதம் குழுவுக்குள் மட்டுமே நடக்க வேண்டும்.”

அதை அவள் முதல் மாடியில், அவர் வீட்டு வாசலில் நின்றுதான் படித்தாள். மணியை அழுத்தினாள்.