கடைசிப் பத்தி

பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முனீஸ்வரியின் வழக்கு. சேத்தூரில் அவளுடைய மாந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டு மறித்துவிட்டார். வேலியை எடுக்கச் சொல்லி இன்று இடைக்கால உத்தரவு கிடைக்காவிட்டால் இந்த வருஷக் காய் மரத்திலேயே பழுத்து விழும்.

வாதக்குறிப்பை ஏஐ எழுதித் தந்திருந்தது. எங்கள் ராஜபாளையம் ஆபீசின் பழைய வழக்குக் கட்டுகளையெல்லாம் குமாஸ்தா தனுஷ்கோடி ஸ்கேன் செய்து அதில் ஏற்றியிருக்கிறார். கேட்டால் தேடி எடுத்து, நாலு பக்கம் எழுதிவிடும். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பும் எந்தக் கட்டில் இருக்கிறது என்று காட்டும். தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். நான் தொடுவதில்லை. பாதிக் கட்டுகள் ஷெரினுடையவை. என் மனைவி, இதே ஆபீசில் வக்கீலாக இருந்தவள். இறந்து எட்டு மாதமாகிறது.

கோர்ட் வராண்டாவில் தனுஷ்கோடி பழைய கட்டு ஒன்றை நீட்டினார்.

"மூணாவது தீர்ப்பு அம்மா கட்டுல உள்ளது சார். மெஷினு அச்ச மட்டுந்தான் படிக்கும். அவிய ஓரத்துல பென்சில்ல எழுதுவாகல்ல. செத்த பாத்துருங்க."

வாங்கிக்கொண்டேன். அந்தத் தீர்ப்பின் முதல் மூன்று பக்கங்கள் முனீஸ்வரிக்காகவே எழுதியதுபோல் இருந்தன. கடைசிப் பத்தியின் ஓரத்தில் ஷெரினின் கையெழுத்து.

'ஏலே, இதுவரைக்கும் வந்துட்டியா? வேற பாதை இருந்தா உத்தரவு கிடையாதுன்னு முடிச்சிருக்காரு. இதக் கொண்டுபோயி நிக்காத.'

சட்டக் கல்லூரியிலிருந்தே நான் அவளுக்கு ஏலேதான்.

முனீஸ்வரிக்கு ஓடைக்கரையில் வேறொரு பாதை உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும். அதில் காய் கொண்டுவர முடியுமா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை.

"ஆடு போகும் சார். ஆட்டு மேல காய ஏத்தச் சொல்லுதாரா அவரு?"

தனுஷ்கோடி சிரித்துவிட்டார். நான் அதை எழுதிக்கொண்டேன். வாதக்குறிப்பில் மூன்றாவது தீர்ப்பை அடித்தேன். மற்ற இரண்டையும் கடைசி வரிவரை படித்தேன். நிற்கும் என்றுதான் பட்டது.

"எம்புட்டு பேப்பரு," என்றாள் முனீஸ்வரி. "இதுல என் பாதை எங்கன சார் இருக்கு?"

உள்ளே எங்களுக்கு முந்தைய வழக்கைக் கூப்பிட்டார்கள். தனுஷ்கோடியிடம் பென்சில் கேட்டேன். காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டை முழங்காலில் வைத்து, ஷெரினின் வரிக்குக் கீழே, அவளைப்போலவே சின்ன எழுத்தில் எழுதினேன்.

'வந்துட்டேன்.'