சுருட்டை முடிக்காரன்

சலூன்காரருக்குக் கத்தரியும் வாயும் ஒன்றாகத்தான் ஓடும். அன்று அவர் வாயில் அகப்பட்டது போலிப் படங்களைப் பற்றிய செய்தி.

"இனிமே கண்ணால பாக்கறதையும் நம்ப முடியாது. உங்க அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்ச நம்பர்ல தெரியாத மூஞ்சி வந்தா, யோசிக்காம பிளாக் பண்ணிடுன்னு."

கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த மச்சினன், சிரித்துக்கொண்டே போனை வெளியே எடுத்தான். மாமாவின் பளபளக்கும் வழுக்கையைப் படம் பிடித்து ஏதோ ஒரு செயலியில் கொடுத்தான். கண் மூடித் திறப்பதற்குள் மாமா சுருட்டை முடியோடு திரையில் வந்து நின்றார்.

"இந்த ஏமாத்து வேலைதான் வேண்டாங்கறேன். அழிச்சிடு" என்றவர் கண்ணாடியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அனுப்பு."

ஊருக்குத்தான் உபதேசம். மத்தியானத்துக்குள் அந்தச் சுருட்டை முடி அவருடைய முகப்புப் படமாக ஏறிவிட்டது. பெருமை தாங்காமல் மனைவிக்கு, "எப்படி இருக்கேன்?" என்று தட்டிவிட்டார். பதில் இல்லை. கூப்பிட்டால் மணியும் அடிக்கவில்லை. பதறிப்போய்க் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நம்பர்லேருந்து எவனோ ஒருத்தன் எப்படி இருக்கேன்னு கேட்டான். நீங்க சொன்ன மாதிரியே பிளாக் பண்ணிட்டேன்."

அவர் மண்டையைத் தடவிக்கொண்டார். "ஆளு எப்படி இருந்தான்?"

"நல்லாத்தான் இருந்தான். அதான் சந்தேகமே வந்துச்சு."